பரீட்சைக்கு வந்த நாடகம்

தமிழ் நாடக வரலாற்றைக் கூறப் புகுவோர் 1891ஆம் ஆண்டைக் குறிப்பிடாது செல்லுதல் இயலாது. அவ்வாண்டில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் தம் நண்பர்களுடன் கூடிச் சுகுண விலாச சபையை நிறுவினார். அதே ஆண்டில், திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை அவர்கள் இயற்றிய மனோன்மணீயம் என்னும் நாடகநூல் அச்சேறி வெளிவந்தது. முன்னது மேடைக்கு வழி கோலிற்று. பின்னதோ மேடையை அரிதாகவே கண்டது. அது பாடநூலாயிற்று, மாணவர்களின் புத்தகப் பையில் ஏறிப் பரீட்சை மண்டபத்தின் வழியாகத் தமிழ் மக்களின் இல்லங்களுக்குள் நுழைந்தது. அந்நாடகம் சென்ற இந்த வழியைப் பற்றியே இங்குக் கூற விரும்புகின்றோம். அவ்விருப்பத்தை நமக்குத் தந்தது, வண்டன்மேட்டில் நாம் கழித்த ஒரு மழைக்கால மாலையாகும்.

வண்டன்மேடு, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், 3,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், ஏலமலைகளின் நடுவே அமைந்த ஊர். தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து கம்பமெட்டு வழியாக மலையேறினால் எளிதில் அடையலாம். நாள்தோறும் விடியலில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தொழிலாளர் ஜீப்புகளில் ஏறிவந்து, காய் எடுத்து, மாலையில் மலை இறங்குவர். அங்கேயே தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் பல. அடுத்துள்ள புற்றடியில் ஏலக்காய் ஏலம் நடைபெறுகிறது. அவ்வூரில் தமிழும் மலையாளமும் ஒரே கடையில் ஒரே தராசின் முன் நின்று பேசுகின்றன.

அங்கே நம் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தபோது, அவ்வீட்டுப் பெண் விடுமுறைக்கு வந்திருந்தாள். கம்பத்தில் பாட்டி வீட்டில் தங்கி மேல்நிலைப் பள்ளியில் பயில்பவள். கூரையில் மழை கொட்டிக் கொண்டிருந்தது. அவள் விளக்கடியில் அமர்ந்து, அருஞ்சொற்பொருளை உரக்க உருப்போட்டுக் கொண்டிருந்தாள். பாடம் மனோன்மணீயத்தின் ஒரு சிறு பகுதி. சற்று நேரத்தில் நூலை மூடிவிட்டு, “மாமா, இந்தக் கதையில் மனோன்மணி கடைசியில் என்ன ஆனாள்?” என்று கேட்டாள். “உன் புத்தகத்தில் இல்லையா அம்மா?” என்றோம். “இதில் முப்பது நாற்பது வரிதான் இருக்கிறது. அவள் பேரே வரவில்லை. அது பரீட்சைக்கும் வராது என்று சொல்லிவிட்டார்கள்” என்றாள்.

அவ்விடை நம் நெஞ்சில் தைத்தது. ஏனெனில் நாமும் கல்லூரியில் அந்நாடகத்தைப் பகுதி பகுதியாகப் பயின்றோம்; மதிப்பெண்ணும் பெற்றோம். முழு நூலையும் முதல் அடி முதல் இறுதி அடி வரை படித்தது, பட்டம் பெற்று, ஊர்விட்டு ஊர் சென்று, பணியில் அமர்ந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே.

நூலாசிரியரின் வாழ்க்கையைச் சிறிது காண்போம். சுந்தரம் பிள்ளை 1855ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் ஆலப்புழையில் பிறந்தார். மதுரைப் பக்கத்திலிருந்து திருவிதாங்கூர் நாட்டிற் குடியேறிய வேளாளர் குடும்பம் அவருடையது. இன்றைய வழக்கிற் சொன்னால், அவர் வெளிமாநிலத் தமிழர். திருவனந்தபுரத்தில் கல்வி பயின்றார். திருநெல்வேலியில் சில ஆண்டு பள்ளித் தலைமை பூண்டார். அங்கேதான் கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளைக் குருவாகப் பெற்றார். பின்னர் மீண்டும் திருவனந்தபுரம் சென்று மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தார். தமக்குத் தத்துவம் பயிற்றிய ஹார்வி துரையிடம் அவர் கொண்ட நன்றி பெரிது. பேரூர்க்கடையில் தாம் வாழ்ந்த இடத்திற்கு ஹார்விபுரம் என்றே பெயரிட்டார். கல்வெட்டாராய்ச்சியிலும் ஈடுபட்டார். திருஞானசம்பந்தர் காலத்தை வரையறுத்து 1895இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆராய்ச்சி, தமிழ் இலக்கியக் கால ஆராய்ச்சிக்கு ஓர் அடிக்கல்லாயிற்று. 1897ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், தமது 42ஆம் வயதில் மறைந்தார். நாடகம் வெளிவந்து அப்போது ஆறாண்டுகளே ஆகியிருந்தன.

இத்தகைய பேராசிரியர் நாடகம் எழுதத் துணிந்த காரணம் யாது? முத்தமிழுள் ஒன்றாக நாடகத்தைப் போற்றிய நம் மொழியில், அந்நாளில் கற்றோர் கையில் எடுத்துப் பயிலத்தக்க நாடகநூல் இல்லை. கூத்தும், கீர்த்தனை நாடகங்களும், குறவஞ்சியும் பள்ளும் இருந்தன. அருணாசலக் கவிராயரின் இராம நாடகமும் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரமும் மக்கள் நாவில் வாழ்ந்தன. எனினும் கல்லூரி மாணவன் ஷேக்ஸ்பியரின் நாடகத்தை ஆங்கில வகுப்பில் அங்கம் அங்கமாகப் பயின்றுவிட்டுத் தமிழ் வகுப்புக்கு வந்தால், அதற்கு இணையாகக் காட்ட ஒன்றும் இல்லாதிருந்தது. அக்குறையை நீக்கவே சுந்தரனார் எழுதுகோல் எடுத்தார். ஐந்து அங்கங்களும் இருபது களங்களும் கொண்டு, பெரும்பாலும் ஆசிரியப்பாவால் ஆகிய அந்நூல் நான்காயிரத்துக்கு மேற்பட்ட அடிகளை உடையது. நீண்ட தனிமொழிகளையும் தத்துவ உரையாடல்களையும் நோக்கின், நடிப்போரைக் காட்டிலும் படிப்போரையே ஆசிரியர் முதன்மையாக மனத்திற் கொண்டார் என்பது புலனாகும். ஆகவே அது பாடநூலானது தற்செயலன்று. அந்நூல் பிறந்த காரணத்திலேயே வகுப்பறை இருந்தது.

கதையின் பிறப்பிடமோ மிகவும் தொலைவிலுள்ளது. ஆங்கில எழுத்தாளர் லிட்டன் பிரபு 1866இல் வெளியிட்ட மிலீட்டஸ் கதைத் தொகுதியில் ‘மறைவழி’ என்று பொருள்படும் ஒரு கதைப்பாட்டு உண்டு. அதுவே மனோன்மணீயத்தின் மூலம். ஆனால் லிட்டனும் அதைத் தாமே புனைந்தவரல்லர். அலெக்சாந்தரின் அவையில் இருந்த காரெஸ் என்னும் கிரேக்கர் எழுதி வைத்த கதை அது. அதீனேயஸ் என்பார் தம் நூலில் அதனை எடுத்தாண்டு காத்தார். டான் ஆற்றுக்கு அப்பாலிருந்த ஓர் அரசனின் மகளும், தொலைநாட்டு இளவரசன் ஒருவனும், ஒருவரையொருவர் நேரிற் காணாமலே கனவிற் கண்டு காதல் கொண்டனர் என்பது அக்கதை. தந்தை மணவிருந்து கூட்டி, விரும்பியவனுக்குப் பொற்கிண்ணத்தில் மது வார்த்துக் கொடு என்று மகளைப் பணிக்கிறான். உரிய வேளையில் இளவரசன் மாறுவேடத்தில் வந்து சேர, அவள் கிண்ணத்தை அவன் கையிற் கொடுக்கிறாள்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விடத்தில் ஒரு வியப்புத் தோன்றுகிறது. சுந்தரனார் அக்கிண்ணத்தைத் தமிழிற் கொண்டு வரவில்லை. அதன் இடத்தில் மணமாலையை வைத்தார். கனவிற் கண்ட காதலனுக்கு இளவரசி மாலை சூட்டுகிறாள். ஒரு பொருளை மாற்றிய மாத்திரத்தில், பல நூற்றாண்டுகளும் பல நாடுகளும் கடந்து வந்த கதை நம் வீட்டுக் கதையாகிவிட்டது. சொல்லுக்குச் சொல் வைத்துப் பெயர்ப்போர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

அன்று வண்டன்மேட்டில் அப்பெண்ணுக்கு நாம் கூறிய கதைச் சுருக்கம் இது. பாண்டியன் சீவகன் நல்லவன். ஆயினும் ஆராயாது நம்புபவன். அமைச்சன் குடிலனின் சொற்கேட்டு மதுரையை விட்டுத் திருநெல்வேலியிற் கோட்டை கட்டி வாழ்கிறான். குலகுருவாகிய சுந்தர முனிவர் அக்கோட்டையின் வலிமையை நம்பவில்லை. தம் இருப்பிடத்திலிருந்து அரண்மனைக்கு நிலத்தடியே ஒரு சுரங்கம் அமைக்கிறார். அரசன் மகள் மனோன்மணியும், திருவனந்தபுரத்திலிருந்து ஆளும் சேரன் புருடோத்தமனும், ஒருவரையொருவர் கனவிற் காண்கின்றனர். அவனையே அவளுக்கு மணம் பேசுமாறு முனிவர் கூறுகிறார். குடிலனுக்கோ இளவரசியும் அரசும் தன் மகன் பலதேவனுக்கு வாய்க்க வேண்டும் என்பது உள்ளக் கிடக்கை. ஆகவே தூது செல்லும் வாய்ப்பை மகனுக்கே வாங்கித் தந்து, மணப்பேச்சோடு நாஞ்சில் நாட்டு உரிமை வழக்கையும் கிளறச் செய்கிறான். மணத்தூது போர்த்தூதாகிறது. சேரன் படையெடுத்து வருகிறான், பாண்டியன் தோற்கிறான். உண்மையாக உழைத்த நாராயணன் பழிக்கு ஆளாகிறான். வஞ்சகனே உற்ற துணைவனாகத் தோன்றுகிறான்.

இறுதியில் கோட்டை வீழும் நிலையில், மகளைக் காக்க வேறு வழி காணாத சீவகன், நள்ளிரவில் அவளைப் பலதேவனுக்கு மணம் முடித்துச் சுரங்க வழியே அனுப்ப முடிவு செய்கிறான். தந்தையின் துயர் கண்டு அவளும் உடன்படுகிறாள். சுரங்கத்தைக் கண்டுபிடித்த குடிலனோ பகைவனிடமே சென்று அவ்வழியைக் காட்டிக் கொடுக்கிறான். காட்டிக் கொடுப்பவனை வெறுக்கும் சேரன் அவனுக்கே விலங்கு பூட்டி, அதே வழியால் மணவறைக்கு வந்து நிற்கிறான். நிமிர்ந்து நோக்கிய மனோன்மணி, கனவிற் கண்டவனை நனவிற் கண்டு மாலையிடுகிறாள்.

இவ்விடத்தில் அப்பெண்ணின் தாயும், அடுப்படியில் இருந்த மூதாட்டியும் அருகில் வந்து அமர்ந்துவிட்டனர். “அந்தக் குடிலனை என்ன செய்தார்கள்?” என்று மூதாட்டி இருமுறை கேட்டார். நூறு பக்க உரைக் கையேடு எழுப்பாத வினா, கதை கேட்ட மாத்திரத்தில் எழுந்தது.

இனி, பரீட்சை இந்நாடகத்துக்குச் செய்த நன்மை தீமைகளை ஆராய்வோம். நன்மையை முதலிற் கூறுதலே முறை. மேடையை நம்பியிருந்த நாடகங்கள் பல, நடிகர் குழு கலைந்தவுடன் மறைந்தன. ஏட்டுப்படியும் எஞ்சாது ஒழிந்தன. மனோன்மணீயமோ பாடத்திட்டத்தில் இடம் பெற்றமையால் மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டது. ஆசிரியர்கள் உரை எழுதினர். மாணவர்கள் மனப்பாடம் செய்தனர். 1942இல் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தார், பி. யு. சின்னப்பாவும் டி. ஆர். ராஜகுமாரியும் நடிக்க, இக்கதையை மனோன்மணி என்னும் திரைப்படமாக எடுத்தனர். திரைப்படம் ஓடி முடிந்தது, பாடநூல் தொடர்ந்தது. பெரிய நூலகங்கள் இல்லாத மலைநாட்டிலும், தமிழ்க் கடைத்தெரு இல்லாத வடநாட்டு நகரங்களிலும் வாழ்ந்த குடும்பங்களுக்கு, பிள்ளையின் பாடப் புத்தகமே வீட்டிலிருந்த ஒரே தமிழ் இலக்கிய நூலாக இருந்ததுண்டு.

தீமையும் சிறிதன்று. நாடகம் என்பது ஒருவர் பேச மற்றொருவர் கேட்டு மாறும் கலை. பரீட்சையோ அதனைத் துண்டு துண்டாக்கி, யார் யாரிடம் ஏன் பேசுகின்றனர் என்னும் சூழலை நீக்கிவிடுகிறது. குடிலன் பேச்சின் நயமெல்லாம், அது பொய் என்று நமக்குத் தெரிந்திருக்க அரசனுக்குத் தெரியாதிருப்பதில் உள்ளது. அப்பேச்சைத் தனியே பெயர்த்தெடுத்து, இதன் திரண்ட கருத்து யாது என்று வினவினால், வஞ்சகனின் சொல் அறிவுரையாகத் தோன்றிவிடும். சீவகன் உயிரையும், கோட்டை உடலையும், முனிவர் குருவையும், சேரன் இறைவனையும் குறிப்பர் எனச் சைவ சித்தாந்த நோக்கில் உட்பொருள் காண்போர் உளர். அது ஆழ்ந்த பொருளே. ஆயினும் கதையையே அறியாத மாணவன் உட்பொருளை ஐந்து வரியில் எழுதி மதிப்பெண் பெறுவானாயின், அவன் பெற்ற பயன் யாது?

இதற்குத் தக்க சான்று அந்நூலின் தமிழ்த்தெய்வ வணக்கமே. அதிலிருந்து எடுத்த அடிகளையே 1970இல் தமிழ்நாட்டு அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன் அதற்கு மோகன இராகத்தில் இசையமைத்தார். 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. பள்ளிதோறும் அதனைப் பாடும் பிள்ளைகளுள், அது ஒரு நாடகத்தின் தொடக்கம் என்று அறிந்தவர் எத்தனை பேர் இருப்பர்? வணக்கம் முடிந்ததும் ஒரு கதை தொடங்குகிறது என்பதை நாமே அவர்களுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டோம். மூலப் பாட்டில் கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் துளுவும் தமிழிலிருந்து தோன்றியவை என்ற கருத்தும், ஆரியமொழி உலக வழக்கு ஒழிந்தது என்ற கருத்தும் உள்ளன. அரசு ஏற்ற வடிவில் அவ்வடிகள் விடப்பட்டன. இன்றைய மொழியியலார், தமிழும் அவற்றையும் ஒரு மூலமொழியிற் பிரிந்த உடன்பிறப்புகள் என்றே கொள்வர். மலையாளம் பேசும் அண்டை வீட்டாரோடு ஒரே கிணற்றில் நீர் மொள்ளும் வண்டன்மேட்டார்க்கு, தாய் என்பதினும் உடன்பிறப்பு என்னும் உறவே வாழ்க்கைக்கு ஒத்தது எனலாம்.

நாடகத்தின் போருக்கு வித்தாகிய நாஞ்சில் நாட்டு வழக்கும் வெறுங் கற்பனையாக நின்றுவிடவில்லை. சுந்தரனார் மறைந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின், மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது அவ்வழக்கு உண்மையாகவே எழுந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. தமிழர் கோரிய தேவிகுளம், பீர்மேடு மலைப்பகுதிகளோ கேரளத்திலேயே நின்றன. வண்டன்மேடும் அம்மலைநாட்டைச் சேர்ந்ததே. நாடகத்தில் எல்லை வழக்கைக் கிளறியவன் தன்னலம் கருதிய அமைச்சன். அதனைத் தீர்த்தது ஒரு மணமாலை. வாழ்க்கையில் எல்லைக் கோடுகள் அவ்வாறு தீர்வதில்லை. கோட்டின் அப்பாற்பட்ட மக்கள் தத்தம் மொழியைத் தாமே காத்துக் கொள்ள வேண்டியவராகின்றனர். கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளிகளும், தமிழில் எழுதும் பத்தாம் வகுப்புத் தேர்வும் உள்ளன. அவை அரும்பொருள்கள். அவற்றைப் பயன்படுத்தும் பிள்ளைகள் குறையுமாயின், இழப்பு நம்முடையதே.

மீண்டும் அம்மழை மாலைக்கு வருவோம். அப்பெண்ணின் பாடப்பகுதி யாதெனின், நடராசன் என்னும் இளைஞன் வயற்புறத்தே தனித்து நின்று புல்லையும் நீரையும் நாங்கூழ்ப் புழுவையும் வியந்து பேசும் இடம். நாங்கூழ் என்பது மண்புழு. மண்ணைத் தின்று, பொடியாக்கி, உழவனுக்கு முன்னே நிலத்தை உழுது வைத்துவிட்டு, தன் உழைப்பைப் பிறர் காணாதவாறு மறைந்து கொள்ளும் அச்சிற்றுயிரை அவன் போற்றுகிறான். மண்புழு நிலத்தைப் பண்படுத்தும் திறத்தை டார்வின் ஆராய்ந்து நூலாக வெளியிட்டது 1881இல். மனோன்மணீயம் வந்தது பத்தாண்டு கழித்து. அறிவியலும் கவிதையும் ஒரே காலத்தில் ஒரே புழுவை நோக்கின.

அப்பகுதியை உருப்போடாமல், நடராசனாகவே நின்று உரக்கப் படிக்குமாறு அவளிடம் கூறினோம். முதலில் நாணினாள், பின்னர் படித்தாள். மூதாட்டி இடைமறித்து, “ஏலச்செடி அடியிலேகூட அது கிடக்குமே! அது இருந்தால்தான் மண் பொலபொலவென்று இருக்கும்” என்றார். எழுதப் படிக்க அறியாத அவ்வம்மையார், வாழ்நாளெல்லாம் குனிந்து காய் எடுத்தவர். அவர் கூறியதைக் காட்டிலும் சிறந்த உரையை எந்தக் கையேட்டிலும் நாம் கண்டதில்லை. தன் பாடநூலில் தன் பாட்டியின் உழைப்பும் இருக்கிறது என்று அப்பெண் அன்றே அறிந்திருப்பாள் என எண்ணுகின்றோம்.

ஆகவே, பிறமாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்கு நாம் கூற விழைவது இதுவே. பரீட்சையைப் பழிக்க வேண்டுவதில்லை. அது வாயில்வரை கொண்டு வந்து விட்டுச் செல்லும் துணை. உள்ளே அழைத்துச் செல்வது பெற்றோர் கடன். பிள்ளையின் பாடப் புத்தகத்தில் ஒரு நாடகத்தின் துண்டு இருக்குமாயின், அதன் முழுக் கதையையும் ஒரு மாலையில் வீட்டாரோடு அமர்ந்து கூறுக. முழு நூலையும் வாங்கி ஆளுக்கொரு பாத்திரமாகப் பகுத்துக் கொண்டு படிக்கச் செய்க. தந்தை குடிலனாகட்டும், தாய் சுந்தர முனிவராகட்டும், பிள்ளைகள் மனோன்மணியும் வாணியுமாகட்டும். சந்தி பிரிப்பதில் இடர்ப்பாடு தோன்றின், பொருள் கூறிக் கொண்டே செல்லலாம். அதற்கு மேடையும் திரையும் வேண்டா. ஒரு விளக்கும் சிறிது நேரமும் போதும்.

ஆலப்புழையிற் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஒரு தமிழர், தமிழகத்திற்கு வெளியே இருந்தே தமிழுக்கு இல்லாத ஒன்றைச் செய்து தந்தார். நமக்கோ புதிதாகச் செய்யும் சுமை இல்லை. இருப்பதை முழுவதும் படிக்கும் கடமையே உண்டு. வண்டன்மேட்டை விட்டுப் புறப்பட்ட காலையில் அப்பெண் நம்மிடம், “மாமா, முழுப் புத்தகமும் கம்பத்தில் கிடைக்குமா?” என்று கேட்டாள். தில்லிக்குத் திரும்பியதும் நம்மிடமிருந்த படியை அவளுக்கு அஞ்சலில் அனுப்பினோம். அடுத்த விடுமுறையில் வந்த அவள் தொலைபேசியில் பேசினாள். குடிலனாக நடிப்பது யார் என்பதில் வீட்டில் வழக்கு எழுந்ததாம். முடிவில் பாட்டியே அப்பாத்திரத்தை ஏற்றுக் கொண்டாராம்.